இரண்டு மாத்திரை, இரண்டு சீட்டு

அக்காவின் பீரோவில் இரண்டு பிளாஸ்டிக் கவர்கள் இருக்கும். ஒன்றில் தைராய்டுச் சீட்டுகள், இன்னொன்றில் கர்ப்பப்பை ஆப்பரேஷன் செய்த ஆஸ்பத்திரியின் சீட்டுகள். ஊத்துக்குளியிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்கு இருபது வருஷத்துக்கும் மேலாகப் போய் வருகிறவள் அவள். கைமடியாகச் சேர்ந்து, ஓவர்லாக் தைத்து, இப்போது செக்கிங். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு மாத்திரை தொடங்கியது. 43 வயதில் கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து உடம்பெல்லாம் தீயாய் எரிகிறது என்றாள். ராத்திரியில் எழுந்து ஈரத்துணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆப்பரேஷன் செய்த டாக்டரம்மா ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எழுதினார். எரிச்சல் அடங்கியது.

மூன்று மாதத்தில் வேறொன்று வந்தது. காலையில் முகம் ஊதியிருக்கும், மோதிரம் விரலில் ஏறாது. “டேபிள்ல நின்னுட்டே தூங்கறேன் அம்மிணி” என்றாள். தைராய்டு பார்க்கிறவர், வயசாகுது, அப்படித்தான் இருக்கும் என்றார். ஆப்பரேஷன் செய்தவர், கர்ப்பப்பை எடுத்தால் கொஞ்ச நாள் அசதி இருக்கும் என்றார். இரண்டு கவர்களையும் ஒரே மேஜையில் விரித்துப் பார்த்தது மூன்றாவதாகப் போன ஒருவர்தான். டிஎஸ்எச் ஏறியிருந்தது. தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்டியதும் ஓரிரு மாதத்தில் அக்கா பழையபடி ஆனாள். எனக்கு மட்டும் ஒரு கேள்வி நின்றுவிட்டது. ஒரு மாத்திரை இன்னொன்றைக் குறைத்துவிடும் என்பது எப்போதிருந்து தெரியும்?

தைராய்டுக் குறைவின் வரலாறே அக்கா வயதுப் பெண்களிடமிருந்துதான் தொடங்குகிறது. 1873-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே ‘வயதுவந்த பெண்கள்’ இருக்கிறார்கள். முகம் ஊதி, பேச்சு மந்தமாகி, எந்நேரமும் சோர்ந்திருந்த பெண்களைப் பற்றியது அது. 1891-இல் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் மருத்துவர், செம்மறியாட்டின் தைராய்டுச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஒரு பெண்ணுக்கு ஊசியாகப் போட்டார். அவளுக்கு 46 வயது. பேச்சும் செயலும் மெதுவாகி, வெளியாட்களைப் பார்க்கவே பிடிக்காமல் இருந்தவள், தேறினாள். பிற்பாடு வாய்வழியாகவே அந்த மருந்தை எடுத்துக்கொண்டு இன்னும் 28 ஆண்டுகள் வாழ்ந்து, 1919-இல் 74 வயதில் இறந்தாள். அவளுக்காக 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் செலவாயின என்று மர்ரே கணக்கு வைத்திருக்கிறார். ஒரே பெண்ணை இத்தனை வருஷம் விடாமல் பின்தொடர்ந்த அந்த மருத்துவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. 1914-இல் எட்வர்ட் கெண்டல் தைராக்சினைப் பிரித்தெடுத்தார். 1927-இல் அதைச் செயற்கையாகவே தயாரித்துவிட்டார்கள். ஆடுகள் தப்பித்தன.

ஈஸ்ட்ரோஜன் வந்தது வேறொரு பிராணியிடமிருந்து. 1942-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்ற பிரெமரின், சினைக்குதிரையின் மூத்திரத்திலிருந்து எடுக்கப்பட்டது. பெயரும் அதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் துண்டுகளை ஒட்டிச் செய்ததுதான். 1966-இல் ராபர்ட் வில்சன் என்ற மகப்பேறு மருத்துவர், மாதவிடாய் நிற்பதையே ஒரு நோயாக்கி, மாத்திரை போட்டால் என்றும் பெண்மையோடு இருக்கலாம் என்று புத்தகம் எழுதினார். அது அமோகமாக விற்றது. யாருக்காக அந்தப் பெண்மை என்றால், பெரும்பாலும் புருஷனுக்காக. ராத்திரியில் தூங்க முடியாதவளின் தூக்கம் அதில் பெரிய விஷயமில்லை. 1975-இல் தனி ஈஸ்ட்ரோஜன் கருப்பை உட்சுவரில் புற்றுநோயை வரவழைக்கிறது என்ற ஆய்வுகள் வந்தன. அதன்பிறகு, கர்ப்பப்பை இருப்பவர்களுக்குப் புரோஜெஸ்டினையும் சேர்த்துத் தருவது வழக்கமானது.

இந்த இரண்டு மருந்தும் உடம்புக்குள் எப்படிச் சந்திக்கின்றன என்பதை அக்காவுக்குக் கம்பெனி வேனை வைத்துத்தான் சொன்னேன். தைராக்சின் ரத்தத்தில் தனியாகப் போகாது, ஒரு புரதத்தில் ஏறிப் போகும். வேனில் உட்கார்ந்திருக்கிற ஆள் வேலை செய்ய முடியாது, இறங்கினால்தான் வேலை. ஈஸ்ட்ரோஜனை விழுங்கினால் அது முதலில் கல்லீரலுக்குப் போய், இந்த வேன்களின் எண்ணிக்கையைக் கூட்டிவிடுகிறது. நிறையப் பேர் வேனிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். தைராய்டு நன்றாக இருக்கிற பெண்ணுக்குச் சுரப்பி இன்னும் கொஞ்சம் ஆளை அனுப்பிச் சரிக்கட்டிவிடும். மாத்திரையை நம்பி இருக்கிறவளுக்கு எண்ணிக்கை காலையில் போட்டதோடு சரி. தோலில் தடவும் ஜெல்லாகவோ ஒட்டும் பட்டையாகவோ ஈஸ்ட்ரோஜனை எடுத்தால் கல்லீரலுக்கு அந்த முதல் அடி விழாது. அதனால் புரதம் அவ்வளவாகக் கூடுவதில்லை.

“இது முன்னாடியே தெரியாதா?” என்றாள் அக்கா. தெரியும். ஈஸ்ட்ரோஜன் போன்ற மருந்தைக் கொடுத்தால் ரத்தத்தில் தைராக்சினைப் பிடித்துவைக்கும் திறன் கூடுகிறது என்று 1956-லேயே அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். அப்போது இரண்டு மருந்தும் கடையில் இருந்தன. இரண்டையும் அதிகம் விழுங்குகிறவர்கள் ஒரே வயதுப் பெண்கள். இவளுக்கு அளவு போதுமா என்று கேட்க அதற்கு மேல் பெரிய அறிவு எதுவும் வேண்டியதில்லை.

முதலில் கேட்கப்பட்டது கர்ப்பிணிக்காக. கர்ப்பத்திலும் ஈஸ்ட்ரோஜன் ஏறும், வேன்கள் கூடும். 1990-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் சூசன் மாண்டெலும் உடன் ஆய்வாளர்களும், தைராய்டுக் குறைவுள்ள 12 பெண்களில் 9 பேருக்குக் கர்ப்பகாலத்தில் மாத்திரை அளவைக் கூட்ட வேண்டியிருந்தது என்று எழுதினார்கள். மாதவிடாய் நின்றவளின் முறை அதே இதழில் 2001-இல்தான் வந்தது. கிளீவ்லண்டைச் சேர்ந்த பகா அராஃபா, தைராய்டுக் குறைவுள்ள 25 பெண்களையும் குறைவில்லாத 11 பெண்களையும், ஈஸ்ட்ரோஜன் தொடங்கியதிலிருந்து 48 வாரம் கவனித்தார். நலமான பெண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. குறைவை ஈடுகட்ட மட்டும் மாத்திரை எடுத்த 18 பேரில் 7 பேருக்கு டிஎஸ்எச் 7-க்கு மேலே போனது. இரண்டு கட்டுரைகளின் தலைப்பும் கிட்டத்தட்ட ஒன்றேதான். நடுவில் 11 வருஷம். 1956-இலிருந்து எண்ணினால் 45. பிள்ளையைச் சுமக்கிற உடம்புக்கு முதலில் வரிசை, பெற்று முடித்த உடம்புக்குக் கடைசி வரிசை. இதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கடைசியில் வந்த அந்தப் பதிலும் நிலைக்க நேரம் கிடைக்கவில்லை. மறு வருஷமே, 2002 ஜூலையில், 16,608 பெண்களை வைத்து நடந்த அமெரிக்க அரசின் ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்தால் மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் கூடுகின்றன என்று தெரிந்தது. கர்ப்பப்பை இல்லாதவர்களுக்குத் தனி ஈஸ்ட்ரோஜன் கொடுத்துப் பார்த்த பகுதி 2004-இல் நின்றது. அதில் பக்கவாதம் கூடியது, மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. இந்த வித்தியாசத்தைப் பார்க்கப் பலருக்குப் பொறுமை இல்லை. உலகமெங்கும் பெண்கள் மாத்திரையைக் கூட்டம் கூட்டமாக விட்டார்கள். ஈஸ்ட்ரோஜனை விட்டால் கணக்கு தலைகீழாகும். வேன் குறையும், கூட்டி வைத்த தைராய்டு அளவு மிகையாகும், நெஞ்சு படபடக்கும். அப்படியே நீடித்தால் எலும்பும் தேயும். எதைத் தொடங்கினாலும் நிறுத்தினாலும் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் டிஎஸ்எச் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

இங்கே வருகிறேன். சென்னை உட்பட எட்டு நகரங்களில் 5,376 பேரைச் சோதித்து 2013-இல் வெளியான ஆய்வில், தைராய்டுக் குறைவு ஆண்களில் 5.02 சதவீதம், பெண்களில் 15.86. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 46 வயதையொட்டி நின்றுவிடுகிறது. அக்கா மாதிரி அறுவை செய்துகொண்டவர்களுக்கு அதற்கும் முன்னால். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல திட்டம்தான். உடம்பு எரிகிறதா, தூக்கம் வருகிறதா என்று எங்கள் வாசலில் இதுவரை யாரும் கேட்டதில்லை. பஞ்சாலை, ஆயத்த ஆடைத் தொழில் பக்கம் மாத்திரைக்குப் பஞ்சம் இருந்ததுமில்லை. மாதவிடாய் வலியோடு நிற்கிற இளம்பெண்களுக்கு, பெயரே இல்லாத மாத்திரைகளைத் தமிழ்நாட்டு ஆலைகளில் கொடுத்ததை 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் சுமார் நூறு பெண்களிடம் பேசி வெளியிட்டார்கள். ஷிஃப்ட் நிற்கக் கூடாது என்பதற்கான மாத்திரை உடனே கைக்கு வந்துவிடும்.

அக்காவின் காலை இப்படி. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு, டீ குடிக்க அரைமணியாவது காத்திருக்க வேண்டும். வேன் ஏழே முக்காலுக்கு வந்துவிடும். சுண்ணாம்புச்சத்து மாத்திரை தைராய்டைக் கிரகிக்க விடாது என்பதால் நாலு மணிநேரம் இடைவெளி வேண்டும். அதை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கம்பெனிக்கே எடுத்துப் போகிறாள், துணியில் முடிந்து. ஒன்றரை ஷிஃப்ட் பார்க்கிற நாளில் மறந்துவிடும்.

போன மாதம் இரண்டு கவர்களையும் பிரித்து, தேதிவாரியாக ஒரே ஃபைலில் கோத்தோம். ஈஸ்ட்ரோஜனை ஜெல்லாக மாற்றலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்க வேண்டும் என்று முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த 46 வயதுக்காரியின் கதையைச் சொன்னபோது, “870 ஆடா?” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் அடுத்த டெஸ்ட் எப்போது என்று கேட்டாள். புதன்கிழமை என்றேன். ஞாயிற்றுக்கிழமை எடுக்க முடியுமா என்று பார்க்கச் சொன்னாள். புதன்கிழமை போனால் அரை நாள் சம்பளம் போய்விடும்.