கண்ணிமை அழகுச் சீரமைப்பு அறுவை

கண்ணிமை அழகுச் சீரமைப்பு அறுவை என்பது, மேலிமையிலோ கீழிமையிலோ தளர்ந்து தொங்கும் தோலையும், தேவைப்படும்போது அதன் அடியிலுள்ள தசையில் ஒரு கீற்றையும், முன்னோக்கிப் பிதுங்கிய கொழுப்பையும் அளவறிந்து நீக்கியோ இடம் மாற்றியோ இமையின் வடிவத்தைத் திருத்தும் மருத்துவமுறை ஆகும். மருத்துவர்கள் இதைப் பிளெஃபரோபிளாஸ்டி என்பர். பன்னாட்டு அழகியல் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் சங்கத்தின் கணக்கெடுப்பின்படி, 2024-ஆம் ஆண்டில் உலகில் மிகுதியாகச் செய்யப்பட்ட அழகு அறுவை இதுவே. அவ்வாண்டில் மட்டும் இது 21 லட்சத்துக்கும் மேற்பட்ட முறை செய்யப்பட்டது. மரத்துப்போகும் ஊசியின் துணையுடன் ஓரிரு மணி நேரத்தில் முடிந்து அன்றே வீடு திரும்பக் கூடியதாயினும், இதை எளிய அறுவை என்று கொள்வது தவறு. கண்ணை முழுவதும் மூடி, கண்ணீரைக் கருவிழிப் படலத்தின் மேல் சீராகப் பரப்பிக் காப்பதே இமையின் முதல் பணி; ஆகவே, எவ்வளவு தோலை எடுப்பது என்பதைவிட எவ்வளவு தோலை விட்டுவைப்பது என்பதே இவ்வறுவையின் மையக் கேள்வியாக இருந்துவருகிறது.

இமையின் அமைப்பும் அதன் தளர்ச்சியும்

உடலிலேயே மிக மெல்லிய தோல் இமையில் உள்ளது; அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரை எட்டுவதில்லை. தோலுக்கு அடியில் கண்ணை மூடும் வளையத்தசையும், அதற்கும் பின்னால் கண்குழியின் எலும்பு விளிம்பிலிருந்து இறங்கிவரும் மெல்லிய நார்த்தடுப்பும் அமைந்துள்ளன. கண்கோளத்தைத் தாங்கும் கொழுப்பு இத்தடுப்பின் பின்னால் சிறு சிறு அறைகளாகப் பிரிந்து கிடக்கிறது. மேலிமையில் நடுவிலும் மூக்குப் பக்கத்திலுமாக இரண்டு அறைகள் உண்டு. வெளிப்பக்கத்தில் கொழுப்பு இருக்க வேண்டிய இடத்தில் கண்ணீர்ச் சுரப்பி இருப்பதால், அதைக் கொழுப்பென்று கருதி வெட்டிவிடாதிருப்பது அறுவையாளர் அறிந்திருக்க வேண்டிய முதற்பாடம். கீழிமையில் மூன்று அறைகள் உள்ளன. அவற்றில் மூக்குப் பக்க அறைக்கும் நடு அறைக்கும் இடையே கண்ணைச் சுழற்றும் தசைகளுள் ஒன்று குறுக்கே ஓடுகிறது. அது காயப்பட்டால் பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியத் தொடங்கும். இவ்வறைகளின் அமைப்பை 1951-இல் சால்வடோர் காஸ்டன்யாரெஸ் தெளிவாக விவரித்த பின்னரே கொழுப்பை எங்கே, எவ்வளவு தொடலாம் என்பதில் ஓர் ஒழுங்கு ஏற்பட்டது.

வயது கூடுகையில் தோல் தன் மீள்தன்மையை இழந்து மடிப்பாகத் தொங்குகிறது. நார்த்தடுப்பு நலிவதால் கொழுப்பு முன்னே பிதுங்கிக் கண்ணுக்குக் கீழ்ப் பை போல நிற்கிறது. குடும்ப வழியாக இது இருபது, முப்பது வயதிலேயே தோன்றுவதும் உண்டு.

முடிவெடுத்தல்

அறுவை வேண்டுமா என்ற கேள்விக்கு முன்பாகக் குறை எங்கே இருக்கிறது என்பதைக் கண்டறிய வேண்டும்; ஏனெனில், ஒரே தோற்றத்தைத் தரக்கூடிய வெவ்வேறு நிலைகளுக்கு வெவ்வேறு தீர்வுகள் உள்ளன. கண்மணியின் மையத்துக்கும் மேலிமை விளிம்புக்கும் இடையே பொதுவாக 4 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். தோல் மடிப்பு மட்டும் தொங்கினால் இந்த இடைவெளி குறைவதில்லை. இமையை உயர்த்தும் தசையோ அதன் நாணோ நலிந்திருந்தால் இமை விளிம்பே இறங்கிவிடும். பின்னது டோசிஸ் எனப்படும் இமையிறக்கம். அதற்குத் தசைநாணைச் சரிசெய்யும் வேறோர் அறுவை தேவைப்படும். தோலை மட்டும் வெட்டினால் இமை இறங்கியபடியே இருக்கும். இமையிறக்கம் காலையில் குறைவாகவும் மாலையில் மிகுதியாகவும் இருக்குமாயின், நரம்பு தசையை இயக்கும் இணைப்பிடத்தைத் தாக்கும் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோய் இருக்கிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும்.

மூன்றாவது நிலை புருவத் தாழ்வு; பலரும் கவனிக்கத் தவறுவது இதையே. இமைத்தோல் பார்வையை மறைக்கும்போது நோயாளர் தம்மை அறியாமலேயே நெற்றித் தசையைச் சுருக்கிப் புருவங்களை உயர்த்திப் பார்க்கப் பழகியிருப்பர். நெற்றியில் ஆழ்ந்த கோடுகள் விழுந்திருப்பதே இதற்கு அடையாளம். மருத்துவர் அவரைக் கண்களை மூடி நெற்றியைத் தளர்த்தச் சொல்லி, புருவத்தைக் கையால் மெல்லப் பிடித்துக்கொண்டு, பின்னர்க் கண்ணைத் திறக்கச் செய்தால் புருவத்தின் உண்மையான இடம் வெளிப்படும். புருவம் தாழ்ந்திருப்பதை அறியாமல் மேலிமைத் தோலை மட்டும் எடுத்தால், உயர்த்த வேண்டிய தேவை நீங்கியதும் புருவம் இறங்கி, கண் முன்னைவிட இடுங்கியதாகத் தோன்றுவதும் நிகழும்.

கீழிமையைப் பொறுத்தவரை, தமிழ்நாடு உள்ளிட்ட தெற்காசியப் பகுதிகளில் மிகுதியாகச் சொல்லப்படும் குறை கருவளையம். தோலில் நிறமிகள் படிவது, மெல்லிய தோலினூடே ரத்தநாளங்கள் தெரிவது, பிதுங்கிய கொழுப்புக்குக் கீழுள்ள பள்ளத்தில் நிழல் விழுவது ஆகிய மூன்றும் தனித்தனியாகவோ சேர்ந்தோ இதற்குக் காரணமாகலாம். இவற்றுள் நிழல் ஒன்றைத்தான் அறுவை மாற்றும். மாநிறத் தோலில் பெரும்பான்மையாகக் காணப்படும் நிறமிப் படிவை எந்தக் கத்தியும் நீக்காது. இந்த வேறுபாட்டை முதல் சந்திப்பிலேயே விளக்காத மருத்துவரிடம் அறுவைக்கு இசையாதிருப்பது நன்று. அதேபோல், காலையில் பருத்து மாலையில் வடிந்துபோகும் பை நீர்க்கோப்பாக இருக்கலாம். மேல்நோக்கிப் பார்க்கும்போது எடுப்பாகத் தெரியும் பை கொழுப்பாக இருக்க வாய்ப்பு மிகுதி. கன்னத்து எலும்பின் மேல் நிற்கும் வீக்கம் கீழிமை அறுவையால் பெரும்பாலும் மறைவதில்லை. கீழிமையை விரலால் முன்னே இழுத்து விடும்போது அது கண் சிமிட்டாமலேயே உடனே தன் இடத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். தயங்கித் திரும்பினால் இமையின் தாங்குநார் தளர்ந்துள்ளது என்பது பொருள். அதை இறுக்காமல் செய்யும் அறுவை இமையைக் கீழே இழுத்துவிடும். கன்ன எலும்பைவிட முன்னே துருத்திய கண்களை உடையோருக்கும் இந்த இடர் கூடுதல்.

கண்வறட்சி இருப்போருக்கு அறுவைக்குப் பின் அது கூடும். எரிச்சல், உறுத்தல், காரணமின்றிக் கண்ணீர் வடிதல் ஆகிய எதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். லேசிக் போன்ற பார்வைத் திருத்த அறுவை செய்துகொண்டோரைக் குறைந்தது ஆறு மாதமேனும் காத்திருக்கச் சொல்வது வழக்கம். தைராய்டு நோயால் கண் துருத்தி இமை வீங்கியிருப்போருக்கு நோய் அடங்கி நிலைபெற்ற பின்னரே இமையைத் தொடலாம். மருந்துகளில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வலிநீக்கிகள் முதலியவை ரத்தக்கசிவைக் கூட்டும். மீனெண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ, ஜிங்கோ போன்றவற்றையும் அறுவைக்கு முன் நிறுத்தச் சொல்வர். கடையில் தாமே வாங்கி உண்பதால் பலரும் இவற்றை மருந்தாகவே கருதாமல் சொல்ல மறந்துவிடுகின்றனர். ஆயினும், இதய ரத்தநாளத்தில் ஸ்டென்ட் பொருத்தியவர் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் ஆகியவற்றைத் தாமாக நிறுத்துவது அறுவையைவிடப் பெரிய ஆபத்தாகும். இதய மருத்துவரின் இசைவு இன்றி அதைச் செய்தல் கூடாது.

உடல்நிலைக்கு நிகராக ஆராயப்பட வேண்டியது நோக்கம். மேலிமையில் மடிப்புக்கோடு இல்லாதோருக்கு அதை உருவாக்கும் அறுவை 1896-இல் சப்பானிய மருத்துவர் மிக்காமோவால் வெளியிடப்பட்டது. கொரியப் போரை அடுத்த ஆண்டுகளில் அமெரிக்க அறுவை மருத்துவர் ரால்ஃப் மில்லார்ட் கொரியாவில் இதைச் செய்தார். இன்று தென்கொரியாவில் இளையோரிடையே மிகப் பரவலான அறுவைகளுள் ஒன்றாக அது விளங்குகிறது. ஒரு முகத்தின் இயல்பான அமைப்பையே குறையாகக் காணும் சூழலில் எடுக்கப்படும் முடிவு எவருடையது என்ற கேள்வியை மருத்துவர் தவிர்க்க முடியாது. பிறர் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறையை நாள் முழுதும் கண்ணாடியில் தேடிக்கொண்டிருக்கும் உருவக் குறைக் கலக்கம் என்ற மனநிலை உடையோருக்கு எந்த அறுவையும் நிறைவு தருவதில்லை. அவர்களுக்கு மனநல மருத்துவமே உதவும். மறுபுறம், தொங்கும் தோல் பக்கப் பார்வையை மறைப்பதால் படிக்கவும் வண்டியோட்டவும் இடர்ப்படும் முதியவருக்கு இது வெறும் அழகு அறுவை ஆகாது; தோலை ஒட்டுநாடாவால் உயர்த்தியும் உயர்த்தாமலும் பார்வைப் புலத்தை அளந்து இதை உறுதிசெய்யலாம். இந்தியாவில் மருத்துவக் காப்பீடுகள் அழகுக்காக மட்டும் செய்யப்படும் அறுவைக்குப் பணம் தருவதில்லை. எனவே இந்தச் சோதனைச் சான்றுக்குப் பொருள்வகையிலும் பயன் உண்டு.

இமைச் சீரமைப்பில் தனிப்பயிற்சி பெற்ற கண் மருத்துவரோ பிளாஸ்டிக் அறுவை மருத்துவரோ இதைச் செய்யத் தக்கவர். பத்திருபது ஆண்டுகளுக்கு முந்தைய ஒளிப்படங்களை எடுத்துச் செல்வது பயன்தரும். அவற்றில் தெரியும் தம் பழைய கண்களே நோயாளர் எதிர்பார்க்கத் தக்க எல்லை. அறுவை நாளன்று நள்ளிரவில் கண்ணில் வலி எடுத்தால் யாரை அழைப்பது, எங்கே செல்வது என்பதற்குத் தெளிவான விடை இல்லாத இடத்தில் கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இவ்வறுவையைச் செய்துகொள்ளக் கூடாது.

அறுவை

மேலிமையில் வெட்டும் கோடு மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்பே, நோயாளர் நிமிர்ந்து அமர்ந்திருக்கும்போது வரையப்படுகிறது. படுத்தாலும் மருந்து ஏறினாலும் தோலின் நிலை மாறிவிடும். இமை விளிம்பிலிருந்து பெண்களுக்கு 8 முதல் 10 மில்லிமீட்டர் உயரத்திலும், ஆண்களுக்குச் சற்றுத் தாழ்வாகவும் இயல்பான மடிப்பின் மேலேயே கீழ்க்கோடு அமையும். தழும்பு அதனுள் ஒளிந்துகொள்ளும். பின்னர் இடுக்கியால் மிகுதித் தோலைக் கிள்ளிப் பிடித்து, கண் திறந்துகொள்ளாமல் எவ்வளவு எடுக்கலாம் என்று பார்த்து மேல்கோடு வரையப்படும். புருவத்துக்கும் இமை விளிம்புக்கும் இடையே ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் தோல் எஞ்சியிருக்க வேண்டும் என்பது பரவலான விதி. இவ்வெச்சரிக்கை மிகப் பழையது. இமைமுடி உள்நோக்கி வளர்ந்து கண்ணைக் குத்தும் நோய்க்குச் சுசுருத சம்ஹிதை கூறும் அறுவையில், புருவத்தின் கீழ் இரண்டு பங்கும் இமைமுடிக்கு மேல் ஒரு பங்கும் விட்டுவிட்டு, இடையிலுள்ள தோலை வாற்கோதுமை வடிவில் வெட்டியெடுத்து முடியால் தைக்கும் முறை சொல்லப்படுகிறது. தளர்ந்த மேலிமைத் தோலை நீக்குவது பற்றி உரோமானியரான செல்சசும் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதியுள்ளார்.

கீழிமைக்கு இமைமுடியை ஒட்டித் தோலின் வழியாகவோ, இமையின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள இமையிணைப் படலத்தின் வழியாகவோ செல்லலாம். பின்னதை 1920-களில் பிரெஞ்சு மருத்துவர் பூர்கே விவரித்தார். அதில் வெளித்தழும்பு இல்லை, இமை கீழே இழுபடும் வாய்ப்பும் குறைவு. ஆனால் மிகுதித் தோலை அதனால் குறைக்க முடியாது. கொழுப்பை நிறைய எடுத்துவிடும் பழைய வழக்கம் சில ஆண்டுகள் கழித்துக் கண்ணைக் குழிவிழச் செய்து, முகத்தை மேலும் முதுமையாகக் காட்டியதால், இன்று அக்கொழுப்பையே கீழுள்ள பள்ளத்தில் பரப்பிப் பொருத்துவதைப் பலர் விரும்புகின்றனர்.

தேறுதல்

முதல் 24 மணி நேரத்தில் அஞ்சத் தக்கது கண்கோளத்தின் பின்னால் ரத்தம் கசிந்து தேங்குவது. அமெரிக்காவில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளைத் தொகுத்து 2004-இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 2,000 பேரில் ஒருவருக்கு இக்கசிவும், 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவானோருக்கே நிலையான பார்வை இழப்பும் நேர்ந்ததாகக் கணக்கிட்டது. அரிதெனினும் இது நேரத்தோடு போட்டியிடும் நிலை. ஒரு கண்ணில் மட்டும் கூடிக்கொண்டே போகும் வலி, கல்லாக இறுகிய வீக்கம், கண் முன்னே துருத்துவது, பார்வை மங்குவது ஆகியவை தோன்றினால் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். தையலைப் பிரித்துக் கண்குழியின் அழுத்தத்தைத் தணிப்பதே சிகிச்சை. களிம்பு பூசியதால் வரும் மங்கல் கண்ணைச் சிமிட்டினால் விலகும். ரத்தக்கசிவால் வரும் மங்கல் அவ்வாறு விலகாது. இதை முன்னரே அறிந்திருப்பவர் வீணாகக் கலங்கவும் மாட்டார், வீணாகக் காத்திருக்கவும் மாட்டார்.

முதல் இரண்டு நாள் விழித்திருக்கும் நேரத்தில் சுத்தமான துணியில் சுற்றிய பனிக்கட்டியால் இடைவிட்டு இடைவிட்டு ஒற்றடம் கொடுப்பதும், இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்தி மல்லாந்து உறங்குவதும், குனிவதையும் பளு தூக்குவதையும் தவிர்ப்பதும் வீக்கத்தைக் குறைக்கும். பனிக்கட்டியை நேராகத் தோலில் வைக்கலாகாது. மரத்திருக்கும் இமை சூட்டையும் குளிரையும் உணராது. வீக்கமும் ரத்தக்கட்டும் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்தை எட்டும்; ரத்தக்கட்டு கன்னத்துக்கு இறங்கி, ஊதா நிறத்திலிருந்து பச்சையாகி மஞ்சளாகி மறையும். முகம் தம்முடையதாகவே தோன்றாத இந்த நாள்களில் செய்தது தவறோ என்ற எண்ணம் பலருக்கும் எழுகிறது. அது வழக்கமான ஒன்று என்பதை முன்கூட்டியே சொல்லிவைப்பது மருத்துவரின் கடமை. இரு கண்களும் ஒரே வேகத்தில் தேறுவதில்லை. உறங்கும்போது இமை முழுவதும் மூடாதிருப்பது முதல் வாரங்களில் இயல்பு. அது சரியாகும்வரை பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டும் இரவில் களிம்பும் தவறாமல் இட வேண்டும்.

ஐந்து முதல் ஏழு நாளில் தையல் பிரிக்கப்படும். பெரும்பாலோர் பத்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் பணிக்குத் திரும்பலாம். கண்மையும் ஒப்பனையும் புண் நன்கு மூடிய பின்னரே கூடும். அப்போதும் பழைய மைக்கூட்டையும் குச்சியையும் கழித்துவிட்டுப் புதியதைக் கொள்வது நன்று. கான்டாக்ட் லென்சை இரண்டு வாரமளவும், ஓட்டத்தையும் கடும் உடற்பயிற்சியையும் இரண்டு மூன்று வாரமும் ஒத்திவைக்க வேண்டும். இமைமுடியைத் தொட்டால் உணர்வின்றி இருப்பது சில மாதங்கள் நீடிக்கலாம். தையல் கோட்டில் தோன்றும் சிறு வெண்புள்ளிகளை மருத்துவர் ஊசிமுனையால் நீக்கிவிடுவார். மாநிறத் தோலில் தழும்பு சில மாதங்கள் கறுத்து நிற்கலாம்; குளிர்கண்ணாடியும் வெயில் தவிர்ப்பும் அதைக் குறைக்க உதவும்.

இறுதி வடிவத்தை ஆறு மாதத்துக்கு முன் மதிப்பிடுவது பொருந்தாது. மறு அறுவையையும், கண்ணுக்குத் தீங்கு நேரும் நிலையில் அன்றி, அதற்குப் பிறகே எண்ண வேண்டும். மிஞ்சிய தோலைப் பின்னொரு நாள் எளிதில் எடுத்துவிடலாம். கூடுதலாக எடுத்ததனால் இமை மூடாமலோ கீழிமை இறங்கி வெண்விழி தெரியும்படியோ ஆகி, நீவுதலாலும் காலத்தாலும் சரியாகாதபோது, காதின் பின்புறம் போன்ற இடங்களிலிருந்து தோலெடுத்து ஒட்ட வேண்டியிருக்கும். அத்தோல் நிறத்திலும் தடிமனிலும் இமைத் தோலோடு முற்றிலும் இசைவதில்லை.