கணினி வாங்கப் போறீங்களா? எத்தனை 'கோர்' போதும்?

புதுக் கணினி வாங்கக் கடைக்குப் போனால் காதில் விழும் பேச்சு இது: "இதுல 16 கோர் இருக்கு, அதுல 8 தான்." கேட்டதும் 16 இருந்தால் இரண்டு மடங்கு வேகம் என்று தோன்றும். விலை கூடுவது நிச்சயம். வேகம் அந்த அளவுக்குக் கூடுமா?

'கோர்' என்றால் என்ன?

கணினியின் மூளையான புராசசருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பிரிவுகள்தான் கோர்கள். முன்பெல்லாம் வீட்டுக் கணினிக்கு ஒரே கோர். அதன் வேகத்தை ஆண்டுக்கு ஆண்டு கூட்டித்தான் நிறுவனங்கள் போட்டி போட்டன. ஒரு கட்டத்தில் சூடு தாங்கவில்லை. 4 கிகாஹெர்ட்ஸ் 'பென்டியம் 4' திட்டத்தை இன்டெல் 2004இல் கைவிட்டது. மறு ஆண்டே இன்டெல், ஏஎம்டி இரண்டும் வீட்டுக் கணினிக்கு 2 கோர் புராசசர்களைக் கொண்டுவந்தன.

4-லேயே நின்றது ஏன்?

2007இல் இன்டெலின் 'கோர் 2 குவாட்' புராசசரில் 4 கோர்கள். 2017 தொடக்கத்தில் வந்த 'ஐ7-7700கே'-யிலும் அதே 4! எதிரில் வலுவான போட்டி இல்லாதது முக்கியக் காரணம்.

ஏஎம்டி 2011இல் 8 கோர் 'எஃப்எக்ஸ்' புராசசரை விற்றது உண்மை. ஆனால் பல வேலைகளில் அது இன்டெலின் 4 கோரிடம் தோற்றது. அதில் இரண்டிரண்டு கோர்கள் சில பாகங்களைப் பகிர்ந்துகொண்டன. அதை 8 என்று சொல்லலாமா என்று அமெரிக்காவில் வழக்கே நடந்தது. 2019இல் 12.1 மில்லியன் டாலர் தர ஏஎம்டி ஒப்புக்கொண்டது.

ஆட்டம் மாறியது 2017 மார்ச்சில். ஏஎம்டியின் 8 கோர் 'ரைசன் 7 1800எக்ஸ்' 499 அமெரிக்க டாலருக்கு வந்தது. அப்போது இன்டெலின் 8 கோருக்கு 1,000 டாலருக்கு மேல். அதே ஆண்டு இன்டெல் தன் வழக்கமான ரகத்தை 6 கோராக்கியது, அடுத்த ஆண்டு 8. பத்தாண்டில் நடக்காதது இரண்டே ஆண்டில் நடந்தது!

(இந்த இரண்டு போட்டியாளர்களும் பினாங்கில் ஆலை தொடங்கியது ஒரே ஆண்டில், 1972இல்.)

கூடினால் வேகம் கூடுமா?

விருந்துச் சமையலை நினைத்துப் பாருங்கள். பத்துப் பேர் சேர்ந்தால் வெங்காயம் சீக்கிரம் நறுக்கிவிடலாம். பானையில் சோறு வேகும் நேரம் குறையாது.

கணினியிலும் அப்படித்தான். ஜீன் அம்டால் 1967இல் முன்வைத்த வாதத்திலிருந்து வந்த விதி இதற்குக் கணக்கே சொல்கிறது. ஒரு வேலையில் 10 விழுக்காட்டைப் பிரிக்க முடியாது என்றால், 4 கோரில் சுமார் 3 மடங்கு வேகம் கிடைக்கும். 16 கோரில் 6.4 மடங்கு. 64 கோரில்கூட 9 மடங்கைத் தொடாது.

அப்போ யாருக்கு எத்தனை?

காணொளியை மாற்றி எழுதுவது, முப்பரிமாணப் படம் உருவாக்குவது, பெரிய மென்பொருளைத் தொகுப்பது போன்ற வேலைகளைத் துண்டு துண்டாகப் பிரிக்கலாம். இவற்றுக்கு 16 கோர் பயன்படும். இணையம், மின்னஞ்சல், பிள்ளைகளின் வீட்டுப்பாடம் என்றால் 6 கோரே தாராளம். விளையாட்டுப் பிரியர்களுக்கு 8 போதும். மிச்சப் பணத்தை கிராஃபிக்ஸ் கார்டில் போடலாம்.

இன்னொன்று: இப்போது எல்லாக் கோர்களும் ஒரே ரகமில்லை. இன்டெலின் 'ஐ9-14900கே'-யில் 24 என்று போட்டிருக்கும். அதில் வேகமானவை 8, மின்சாரம் மிச்சப்படுத்தும் சிறியவை 16.

வாங்கும் முன் இப்போதுள்ள கணினியைச் சோதித்துப் பாருங்கள். விண்டோஸில் 'டாஸ்க் மேனேஜர்' திறந்து, 'பெர்ஃபாமன்ஸ்' பகுதியில் சிபியு வரைபடத்தைக் கவனித்தபடி வழக்கமான வேலையைச் செய்யுங்கள். எல்லாக் கோர்களும் நெடுநேரம் உச்சத்தில் நின்றால் கூடுதல் கோர் உதவும். ஒன்றிரண்டு மட்டும் உழைத்து மற்றவை சும்மா இருந்தால், ஒவ்வொரு கோரும் வேகமாக இருக்கும் புதிய ரகத்தைக் கேளுங்கள்.