ஏரிப் படகுக்கு யார் பொறுப்பு?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேர்வராயன் மலைமீது ஏறுகிறவர்கள், கரடியூர்க் காட்சி முனையில் நின்று கீழே விரியும் நிலத்தைப் பார்த்துவிட்டு, பெரும்பாலும் ஏற்காடு ஏரிக்கே வந்து சேருகிறார்கள். ஏரியும் காடும் சேர்ந்து பெயரான ஊர் அல்லவா! அங்கே தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறை இருக்கிறது. கட்டணம் செலுத்திப் படகில் ஏறுகிறவர் சிறிது நேரத்தில் இறங்கிப் போய்விடுகிறார். படகும் நீரும் அங்கேயே இருக்கின்றன. அந்தப் படகினால் மனிதருக்கோ நீருக்கோ கேடு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? இக்கேள்விக்குச் சட்டம் விடை தேடிய வரலாறு மிகவும் மெதுவானது.

நம் மலைகளில் உல்லாசப் படகு சட்டத்திற்கு முன்பே வந்துவிட்டது. உதகை ஏரியை 1820-களில் ஜான் சல்லிவன் அமைத்தார். கோடைக்கானல் ஏரியை 1863-இல் வெரி ஹென்றி லெவிஞ்ச் உருவாக்கினார். அதில் விடுவதற்கான முதற் படகு தூத்துக்குடியிலிருந்து மலையேறியது. 1890-இல் அங்கே படகுக் குழாம் தோன்றியது. அதே 1890-இல்தான் சென்னை மாகாணத்தின் கால்வாய்கள், பொதுத் தோணித்துறைகள் சட்டமும் பிறந்தது. ஆனால் அச்சட்டத்தின் கவலை வேறு: கால்வாயில் சரக்கு ஏற்றிச் செல்லும் படகும், ஆற்றைக் கடத்திவிடும் பரிசலும் தோணியும்தான் அதன் கண்ணில் பட்டன. பொழுதுபோக்குக்காக ஏரியில் மிதப்பவரைப் பற்றி எவரும் எண்ணவில்லை.

பின்னர் 1917-இல் இந்திய உள்நாட்டு நீராவிக் கலங்கள் சட்டம் வந்தது. பெயரே அதன் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது. கங்கையிலும் பிரம்மபுத்திராவிலும் ஓடிய பெரிய கப்பல்களின் கொதிகலன் வெடித்தால் என்ன ஆகும் என்பதே அன்றைய அச்சம். ஆகவே கலத்தை அதிகாரி சோதித்துச் சான்று தரவேண்டும், ஓட்டுபவர் தகுதிச் சான்று பெற்றிருக்கவேண்டும் என்று விதித்தார்கள். கையால் வலிக்கும் படகு அதில் சேரவில்லை. பிற்காலத்தில் திருத்தங்கள் பல வந்தபோதிலும், அடிப்படையில் இந்தச் சட்டமே நூறாண்டுக்கு மேல் நீடித்தது.

விபத்துகள் அதற்காகக் காத்திருக்கவில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' என்ற படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். இறந்தவர்களில் தமிழ்நாட்டினரும் இருந்தனர். கரையில் தெரிந்த விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதாகச் சொல்லப்பட்டது. ஆட்கள் மேல்தளத்தில் ஏற ஏறப் படகின் ஈர்ப்பு மையம் உயர்கிறது. அவர்கள் பக்கவாட்டில் நகர்ந்தால் அதுவும் நகர்கிறது. சாய்ந்த படகை நிமிர்த்தும் விசை ஓரளவு வரைதான் உண்டு. அந்த எல்லையைக் கடந்தால் படகு மீளாது. இதில் பயணியைக் குறை சொல்வது எளிது. ஆனால் விலங்கைக் காட்டுவதற்கென்றே விட்ட படகில் பயணி எழுந்து பார்க்கமாட்டார் என்று உடையவர் நினைக்கலாமா? இரண்டே ஆண்டுகளில், 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காடு ஏரியில் உல்லாசப் பயணம் சென்றவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர்.

நீருக்கு நேரும் கேட்டை உலகம் இன்னும் தாமதமாகவே உணர்ந்தது. 1970-களின் பிற்பகுதியில் பிரான்சு நாட்டின் ஆர்க்காஷோன் விரிகுடாவில் சிப்பிகளின் குஞ்சுகள் பிழைக்கவில்லை. வளர்ந்தவற்றின் ஓடுகள் தடித்து உருமாறின. காரணம் தொழிற்சாலையன்று, உல்லாசப் படகுகளின் அடிப்பாகத்தில் பூசிய வண்ணம்! பாசியும் கொட்டலசும் ஒட்டாமலிருக்க அதில் டிரைபியூட்டைல் டின் எனும் வெள்ளீயச் சேர்மத்தைக் கலந்திருந்தார்கள். ஒரு லிட்டர் நீரில், ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே போதும், கடல் நத்தைகளும் சிப்பிகளும் பாதிக்கப்படும். 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளில் இவ்வண்ணத்தைப் பிரான்சு 1982-இல் தடை செய்தது. உலகளாவிய தடை 2008-இல்தான் நடைமுறைக்கு வந்தது. இன்னொரு குற்றவாளி பழைய இரட்டை வீச்சு எஞ்சின். அதில் பெட்ரோலும் மசகெண்ணெயும் கலந்தே செல்லும்; எரிபொருளில் கால் பங்குவரை எரியாமலே நீரில் கலந்துவிடும். செருமனியின் கேனிக்ஸே ஏரியிலோ 1909 முதலே பயணிகள் படகுகள் மின்சாரத்தில் ஓடுகின்றன.

கடைசியில் 2021-இல் நம் நாடாளுமன்றம் புதிய உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தை இயற்றியது; மறு ஆண்டு அது நடைமுறைக்கு வந்து 1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஓய்வு தந்தது. விசைப்படகின் உடைமையாளர் பதிவும் காப்பீடும் செய்யவேண்டும். உயிர்காப்புச் சாதனங்கள் வைத்திருக்கவேண்டும். எண்ணெய், கழிவு முதலியவற்றை நீரில் விடக்கூடாது. எந்திரமில்லாத கலங்களையும் உள்ளூர் மட்டத்தில் பதிந்துகொள்ள இச்சட்டம் வழி செய்கிறது.

ஆனால் மலை ஏரிகளின் மாசுக்குப் படகை மட்டும் பழிப்பது நியாயமில்லை. உதகை ஏரியைக் கெடுத்ததில் நகரத்துச் சாக்கடைக்கு உள்ள பங்கின் முன் படகின் பங்கு சிறிது. அந்தச் சாக்கடைக்கு 1974-ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டம் உண்டு. படகுக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டம். ஏற்காட்டிலோ இரண்டையும் வாங்கிக்கொள்வது ஒரே ஏரி. மழைக்காலத்தில் அது நிரம்பி வழியும் நீர்தான் கிளியூர் அருவியாக விழுந்து மலையடிவாரத்தை நோக்கிப் போகிறது.