இமாம் ஷாஃபிஈயை வளர்த்த மூவர்

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 150இல் பாலஸ்தீனத்தின் காஸாவில் பிறந்தார்கள். தந்தை விரைவிலேயே வஃபாத்தானார். 2 வயது மகனுடன் தாயார் மக்காவுக்குக் குடிபெயர்ந்தார்கள். மகன் தன் குறைஷிக் குலத்தாரிடையே வளர வேண்டுமென விரும்பினார்கள்.

மக்தபில் சேர்த்தபோது ஆசிரியருக்குக் கொடுக்க அவர்களிடம் பொருளில்லை. ஆசிரியர் சிறுவரைத் திருப்பி அனுப்பவில்லை. தாம் வெளியே செல்லும் நேரங்களில் மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவதையே கட்டணமாக ஏற்றுக்கொண்டார். 7 வயதில் குர்ஆன் மனனமாயிற்று.

பின்னர் இமாமவர்கள் பள்ளிவாசலில் ஆலிம்களின் சபைகளில் அமர்ந்தார்கள். தாள் வாங்க வசதியின்றி எலும்புகளில் எழுதினார்கள். அரசு அலுவலகத்தில் பயன்படுத்திய தாள்களைக் கேட்டுப் பெற்று, அவற்றின் பின்புறத்திலும் எழுதினார்கள். 10 வயதில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவை மனனம் செய்து, பிறகு மதீனா சென்று அவர்களிடமே பயின்றார்கள்.

தாயின் தியாகம், ஆசிரியரின் பெருந்தன்மை, ஏழைக்கும் இடமளித்த ஊர்ச் சபை. இம்மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும், காயல்பட்டினம் முதல் இலங்கை வரை நம்மவர் பின்பற்றும் இந்த மத்ஹபின் வரலாறு வேறாகியிருக்கக்கூடும்.

பெற்றோர்களே, ஜமாஅத் பொறுப்பாளர்களே! கட்டணம் செலுத்த இயலாமல் படிப்பை நிறுத்திய பிள்ளை நம் மஹல்லாவில் உண்டா? அப்பிள்ளையின் வீட்டைத் தேடிச் செல்வது நம் கடமை. தாய் தன் பங்கைச் செய்துவிட்டாள். எஞ்சிய இரண்டும் நம் பொறுப்பில் உள்ளன. அல்லாஹ் நமக்கு அருள் புரிவானாக! ஆமீன்.