கைமாறிக் கைமாறிப் போன கேசட்

1982 ஜூலை 6. கலிஃபோர்னியாவின் டஸ்டின் நகரில் இருந்த ஷாட்டோ ஈஸ்ட் ஸ்டுடியோவில் நான்கு பேர் ஏழு பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். நால்வரில் ஒருவருக்கும் 21 வயது நிறையவில்லை. ஸ்டுடியோச் செலவை ஏற்றவர் கென்னி கேன். ஹை வெலாசிட்டி என்ற பெயரில் பங்க் இசைத்தட்டுகள் வெளியிடும் எண்ணத்தில் இருந்தவர் அவர். இந்தப் பையன்களும் பங்க்தான் வாசிக்கிறார்கள் என்று நம்பியிருந்தார். பதிவைக் கேட்டபோது அது பங்க் அல்ல, ஹெவி மெட்டல் என்று தெரிந்தது. தனக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டார். நாடா பையன்களிடமே தங்கிவிட்டது.

ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட், லார்ஸ் உல்ரிச், டேவ் மஸ்டெய்ன், ரான் மக்கோவ்னி ஆகியோர்தான் அந்த நால்வர். மெட்டாலிகா என்ற பெயரோடு அவர்கள் முதன்முதலாக மேடையேறி அப்போது நான்கு மாதம்கூட ஆகவில்லை. ‘நோ லைஃப் டில் லெதர்’ என்று அந்த டெமோவுக்குப் பெயர் வைத்தார்கள்.

கென்னி கேன் வேண்டாம் என்று சொன்னதுதான் இந்த நாடாவுக்கு வாய்த்த முதல் அதிர்ஷ்டம் என்பேன். அவர் அதைச் சின்ன இசைத்தட்டாக வெளியிட்டிருந்தால் அந்த வட்டாரக் கடைகளில் சில நூறு பிரதி விற்று முடிந்திருக்கும். அதைப் படியெடுக்கும் உரிமையும் அவரிடமே போயிருக்கும். வாங்குவார் இல்லாமல் போனதால், யார் வேண்டுமானாலும் படியெடுத்துக்கொள்ளக்கூடிய பொருளானது அது.

படியெடுத்துப் பரப்பும் வழி லார்ஸ் உல்ரிச்சுக்கு நன்றாகத் தெரியும். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். டயமண்ட் ஹெட் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் மீது கொண்ட பித்தில் 1981இல் இங்கிலாந்துக்கே போய், அந்தக் குழுவினரின் வீட்டில் தங்கிவிட்டு வந்தவர். அந்தக் காலத்தில் வானொலியும் பெரிய பத்திரிகைகளும் கண்டுகொள்ளாத மெட்டல் இசை தபாலில்தான் பயணம் செய்தது. தன்னிடம் உள்ள பதிவுகளின் பட்டியலை ஒருவர் அனுப்புவார். அடுத்தவர் தன் பட்டியலை அனுப்புவார். உன்னிடம் உள்ளதில் ஒன்று எனக்கு, என்னிடம் உள்ளதில் ஒன்று உனக்கு. காசு கைமாறாது, கேசட்தான் கைமாறும். ரசிகர்கள் கைக்காசு போட்டு நடத்திய சிற்றிதழ்கள் எந்த ஊரில் யார் என்ன வைத்திருக்கிறார்கள் என்று சொல்லின. மெட்டாலிகா என்ற பெயரே அப்படிப்பட்ட ஓர் இதழிலிருந்து வந்ததுதான். சான்ஃபிரான்சிஸ்கோவின் ரான் குவின்டானா தன் இதழுக்காக எழுதி வைத்திருந்த பெயர்ப் பட்டியலில் அது இருந்தது.

உல்ரிச்சும் ஒரு நண்பரும் உட்கார்ந்து கேசட் கேசட்டாகப் படியெடுத்தார்கள். உறையில் பாட்டுகளின் பெயர்களை உல்ரிச் கையாலேயே எழுதினார். அந்தப் பிரதிகளைத் தாங்கள் அறிந்த ரசிகர்களுக்கும் இதழ் நடத்துபவர்களுக்கும் தபாலில் அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவர்கள் செய்ய வேண்டியது அதிகம் இருக்கவில்லை. ஒரு வீட்டு உறைமோர் அடுத்த வீட்டுப் பாலைத் தயிராக்கும், அந்தத் தயிர் அதற்கடுத்த வீட்டுக்குப் போகும். இந்த நாடாவும் அப்படித்தான் பெருகியது. எத்தனை பிரதி என்று யாராலும் கணக்குச் சொல்ல முடியாது.

டேப்ரெக்கார்டரில் பாட்டுப் பதிந்து பழகியவர்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்பது தெரியும். ஒவ்வொரு படிக்கும் நாடாவின் இரைச்சல் கூடும், உச்ச ஒலிகள் மங்கும். டிரம்ஸின் தாளத் தட்டுகள் கரகரவென்று கலங்கிப் போகும். கருவிக்குக் கருவி ஓடும் வேகம் சற்று மாறுவதால் சுருதியே ஏறும் அல்லது இறங்கும். ஐந்தாறு கை தாண்டி வந்த பிரதியில் பாடகரின் குரல் எங்கோ கிணற்றுக்குள் இருந்து வரும். இருந்தும் இந்தப் பாட்டுகள் அந்தச் சேதத்தைத் தாங்கின. காரணம் அவற்றின் கட்டுமானம் என்று நினைக்கிறேன். ‘ஹிட் தி லைட்ஸ்’, ‘மோட்டார்பிரெத்’, ‘சீக் அண்ட் டெஸ்ட்ராய்’ எல்லாமே நறுக்கென்று வெட்டப்பட்ட கிட்டார் அடிகளின் மேல் நிற்பவை. அந்த அடி எத்தனை மங்கினாலும் அடையாளம் தெரியும்.

அதே ஆண்டு செப்டம்பரில் குழு முதல் முறையாக சான்ஃபிரான்சிஸ்கோவில் வாசிக்கப் போனது. ஆல்பம் ஒன்றுகூட வெளிவந்திருக்கவில்லை. ஆனால் அரங்கில் இருந்தவர்கள் பாட்டுகளின் வரிகளைக் கூடவே பாடினார்கள். கேசட் குழுவுக்கு முன்பே அங்கே வந்து சேர்ந்திருந்தது. லாஸ் ஏஞ்சலீஸில் கிடைக்காத வரவேற்பு அங்கே கிடைத்தது. பேஸ் வாசிக்க கிளிஃப் பர்ட்டனை அழைத்தபோது, தன் ஊர்ப்பக்கம் வந்தால்தான் சேருவேன் என்றார் அவர். 1983இன் தொடக்கத்தில் குழு மொத்தமாக அங்கே குடியேறியது. அதுவரை பேஸ் வாசித்த மக்கோவ்னி அதற்கு முன்பே விலகியிருந்தார்.

நாடா அதற்குள் கண்டத்தின் மறுகரையைத் தொட்டிருந்தது. நியூ ஜெர்சியில் ஒரு சந்தையில் ஜான் ஸஸுலாவும் அவர் மனைவி மார்ஷாவும் ‘ராக் அண்ட் ரோல் ஹெவன்’ என்ற இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார்கள். டெமோவைக் கேட்ட ஜான் பையன்களைத் தேடிப் பிடித்தார். பயணச் செலவுக்கு 1,500 டாலர் அனுப்பி நியூயார்க்குக்கு வரச் சொன்னார். அவர்களுக்காக இசைத்தட்டு நிறுவனங்களின் கதவைத் தட்டினார். யாரும் திறக்கவில்லை. தாமே மெகாஃபோர்ஸ் என்ற லேபிளைத் தொடங்கிவிட்டார்கள் அந்தத் தம்பதி. கடனில் கழுத்துவரை மூழ்கியும் பின்வாங்காத இந்த இருவரையும் இசை வரலாறு இன்னும் போதிய மரியாதையோடு நினைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. மார்ஷா 2021இலும் ஜான் 2022இலும் காலமானார்கள்.

நியூயார்க்கில்தான் இந்தக் கதையின் கசப்பான பகுதி நடந்தது. 1983 ஏப்ரல் 11 காலை மஸ்டெய்னை எழுப்பி, குடியும் அடாவடியும் தாங்க முடியவில்லை என்று சொல்லி வெளியேற்றினார்கள். கையில் பேருந்துச் சீட்டு. நான்கு நாள் பயணம், லாஸ் ஏஞ்சலீஸுக்கு. தன் பாட்டுகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டே கிளம்பியதாக மஸ்டெய்ன் பின்னாளில் பலமுறை கூறியிருக்கிறார். அவர் இடத்தில் கிட்டார் வாசிக்க எக்ஸோடஸ் குழுவிலிருந்து கிர்க் ஹாமெட் வந்து சேர்ந்தார். மே மாதம் ரோச்செஸ்டர் நகரில் ‘கில் தெம் ஆல்’ பதிவானது, ஜூலையில் வெளியானது. ஆல்பத்தின் பத்துப் பாட்டுகளில் ஏழு, டெமோவில் இருந்த அதே ஏழு. அவற்றில் நான்கில் மஸ்டெய்னின் பெயரும் ஆக்கியோர் பட்டியலில் இருக்கிறது. அவருடைய சோலோக்கள் பலவற்றின் முதல் சில அடிகளை வைத்துக்கொண்டு, மீதியைத் தன் வழியில் கொண்டுபோனார் ஹாமெட்.

‘தி மெக்கானிக்ஸ்’ என்ற பாட்டின் கதி இன்னும் விசித்திரமானது. மஸ்டெய்ன் தன் பழைய குழுவிலிருந்து கொண்டுவந்த பாட்டு அது. ஹெட்ஃபீல்ட் சொற்களை மாற்ற, நடுவில் மெதுவான ஒரு பகுதி சேர, அது ‘தி ஃபோர் ஹார்ஸ்மென்’ ஆக ஆல்பத்தில் வந்தது. மஸ்டெய்ன் மெகாடெத் குழுவைத் தொடங்கி, 1985இல் அதே பாட்டைப் பழைய சொற்களோடு, முன்பைவிட வேகமாக வாசித்து வெளியிட்டார். கோபம் அந்த வேகத்திலேயே கேட்கிறது. ஒரே தாயின் இரண்டு பிள்ளைகளும் இன்றும் மேடையில் ஒலிக்கிறார்கள். தாய் அந்த டெமோவில் இருக்கிறாள்.

2000 ஏப்ரலில், இணையத்தில் பாட்டுகளைப் பகிர உதவிய நாப்ஸ்டர் மீது மெட்டாலிகா வழக்குத் தொடுத்தது. ‘ஐ டிஸப்பியர்’ என்ற புதிய பாட்டின் முடிவடையாத டெமோ வெளிவருமுன்பே இணையத்தில் கசிந்ததுதான் தூண்டுதல். பாட்டுகளைப் பகிர்ந்த 335,435 பயனர் பெயர்களின் பட்டியலை உல்ரிச் நாப்ஸ்டரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். படியெடுத்தலால் வளர்ந்தவர்களே படியெடுத்தலைத் தடுக்கலாமா என்று ரசிகர்கள் கொதித்தார்கள். இரண்டும் ஒன்றல்ல என்பதே என் கருத்து. 1982இல் அவர்கள் தம் நாடாவைத் தாமே கொடுத்தார்கள். 2000இல் அவர்களைக் கேட்காமல் எடுத்தார்கள். ஆனால் தங்களை உருவாக்கியது அந்தப் பழைய தபால் ரசிகர்கள்தான் என்பதை அவர்கள் அப்போது உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

2015 ஏப்ரலில் அந்த டெமோ முதல் முறையாக அதிகாரபூர்வமாக, கேசட்டாகவே வெளிவந்தது. உறையில் உல்ரிச்சின் அதே பழைய கையெழுத்து. தொடர்ந்து விரிவான பதிப்பு வரும் என்றார்கள், வரவில்லை. எந்தப் பாட்டை யார் எழுதியது என்ற பெயர்ப்பட்டியல் தகராறில் பேச்சு முறிந்ததாக மஸ்டெய்ன் சொன்னார்.

அந்தத் தகராறை அவர்கள் தீர்த்துக்கொள்ள வேண்டும். நால்வரும் இன்னும் இருக்கும்போதே, மூல நாடாவிலிருந்து சுத்தம் செய்த முழுப் பதிப்பு வர வேண்டும், மக்கோவ்னியின் பெயரும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். அதுவரை, மெட்டாலிகாவைக் கேட்கத் தொடங்குகிறவர்கள் ‘கில் தெம் ஆல்’ போடுவதற்கு முன்னால் இந்த ஏழு பாட்டுகளையும் ஒருமுறை கேளுங்கள்.