அந்தமானுக்கு வராத தபால்தலை

சனிக்கிழமை காலை டிரெஸ்டனில் ஆற்றங்கரைச் சந்தைக்குப் போவது எங்கள் வீட்டு வழக்கம். தங்கமணி பீங்கான் கோப்பை பார்ப்பார், பையன் பொம்மை ரயில், எனக்கு வேடிக்கை. போன மாதம் ஒரு பெரியவர் பழைய ராணுவச் சாமான்களைப் பரப்பியிருந்தார். ஸ்வஸ்திகா வரும் இடங்களில் எல்லாம் டேப் ஒட்டியிருந்தது. அதைப் பொதுவில் காட்டினால் இங்கே குற்றம்.

நடுவில் ஒரு துணி பேட்ஜ். காவி, வெள்ளை, பச்சை, பாயும் புலி, மேலே ஜெர்மனில் 'சுதந்திர இந்தியா'. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது!

வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட பிரிட்டிஷ் இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு சுபாஷ் சந்திர போஸ் ஜெர்மனியில் அமைத்த படையின் பேட்ஜ் அது. சுமார் 3,000 பேர், ஜெர்மன் உடுப்பு, வலது கையில் இந்தப் புலி. 1942-ல் அவர்கள் பயிற்சி எடுத்த கோனிக்ஸ்ப்ரூக், என் வீட்டிலிருந்து அரை மணி நேரக் கார் பயணம். 1943 பிப்ரவரியில் போஸ் நீர்மூழ்கியில் கிழக்கே கிளம்பிவிட்டார். படை ஐரோப்பாவிலேயே தங்கி, 1944-ல் வாஃபன் எஸ்.எஸ். கைக்குப் போனது.

பேட்ஜை வாங்கவில்லை. இதில் போலிகள் ஏராளம். அசலாகவே இருந்தாலும், யார் கையில் இருந்தது என்று அது சொல்லாது. ஸோல்ட்புக் என்கிற சம்பளப் புத்தகமாக இருந்தால் பெயர், பிரிவு, வீட்டு முகவரி வரை இருக்கும். துணியைவிடத் தாளுக்கு நான் மதிப்புக் கொடுப்பது அதனால்தான்.

வாங்கியது நான்கு தபால்தலைகள். ஆசாத் ஹிந்த், 1943, பெர்லின் அரசு அச்சகம். உழவர், ராட்டை சுற்றும் பெண், காயத்துக்குக் கட்டுப் போடும் நர்ஸ், அறுந்த சங்கிலியோடு இந்திய வரைபடம். ஒன்றில் விலைக்குப் பக்கத்தில் கூட்டல் குறி போட்டு இன்னொரு தொகை. அந்தக் கூடுதல் காசு அந்தமான் நிக்கோபார் நிர்வாகத்துக்காக என்று சேகரிப்பாளர் கையேடுகள் சொல்கின்றன.

நான் பிறந்தது போர்ட் பிளேர் மின்னி பேயில். (2024-லிருந்து ஊர் பெயர் ஸ்ரீ விஜயபுரம். நமக்கு வாயில் வர நாளாகும்!) கார்பின்ஸ் கோவ் போகும் வழியில் உள்ள ஜப்பான் பங்கர்களில்தான் ஒளிந்து விளையாடினோம். பக்கத்து வீட்டு நானி அங்கேயே பிறந்தவர். அரிசி இல்லாமல் சர்க்கரைவள்ளிக் கிழங்கில் உயிர் பிழைத்த கதையை விலாவாரியாகச் சொல்வார். அண்ணனைப் பிடித்துக்கொண்டு போன இடம் வந்தால் மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

ஜப்பானியர் இறங்கியது 1942 மார்ச் 23. 1943 டிசம்பர் 30-ல் போஸ் அங்கே கொடியேற்றினார். எங்கள் பள்ளிப் பாடம் அதோடு நிற்கும். அந்த நாளில் டாக்டர் திவான் சிங் செல்லுலார் சிறையில் சித்திரவதையில் இருந்தார். ஜனவரி 14-ல் இறந்தார். கொடியேறிச் சரியாக ஒரு மாதத்தில், ஜனவரி 30 அன்று, ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேரை உளவாளிகள் என்று சொல்லிச் சுட்டார்கள். அடுத்த மாதம் ஆசாத் ஹிந்த் சார்பில் நிர்வாகியாக வந்தவர் நம் தமிழர், டாக்டர் லோகநாதன். போலீஸை ஜப்பானியர் விட்டுத்தரவில்லை. அவருக்குக் கிடைத்தது கல்வித் துறை. அந்த வருடமே திரும்பிவிட்டார்.

தபால்தலையும் தீவுக்கு வரவில்லை. எந்தக் கடிதத்திலும் அது ஒட்டப்படவில்லை.

"அப்பா, இது நம்ம ஊர் ஸ்டாம்பா?" என்றான் பையன். "நம்ம ஊர் பேரைச் சொல்லி அடிச்சது, ஊருக்கு வந்து சேரலை" என்றேன். ஆல்பத்தில் அதன் கீழே டிசம்பர் 30 என்று எழுதினான். பக்கத்திலேயே ஜனவரி 30-ஐயும் எழுதச் சொன்னேன். ஏன் என்று கேட்டான். அன்றைக்கு இரவுச் சாப்பாடு ஆறிப்போனது.

உங்கள் வீட்டிலும் நேதாஜி படம் இருக்கலாம். பிள்ளைகளுக்குக் கொடிக் கதையைக் கட்டாயம் சொல்லுங்கள். கூடவே அந்த 44 பேரையும் சொல்லுங்கள்.