பிளஸ் டூ உயிரியல்: மதிப்பெண் நழுவும் 6 இடங்கள்... கடைசி நேர ரிவிஷன் எப்படி?

"எல்லாமே படிச்சேன், ஆனா வினாத்தாளைப் பார்த்ததும் குழம்பிப் போச்சு." பிளஸ் டூ உயிரியல் தேர்வு முடிந்ததும் பள்ளி வாசலில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பாடம் தெரிந்தும் இப்படி ஆவதற்கு ஒரு காரணம், ஒன்றுபோலவே தோன்றும் இரண்டு கருத்துகள் மனதில் கலந்துவிடுவதுதான். தேர்வுக்குச் சில நாட்களே இருக்கும்போது மொத்தப் புத்தகத்தையும் மறுபடி புரட்டுவதைவிட, அந்தக் குழப்பமான இடங்களைச் சரிசெய்வது நல்ல பலன் தரும்.

மதிப்பெண் கணக்கு என்ன?

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் உயிரியலுக்கு மொத்தம் 100 மதிப்பெண். எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. எழுத்துத் தேர்வில் உயிரி-தாவரவியலுக்கு 35, உயிரி-விலங்கியலுக்கு 35.

இரண்டு பகுதிக்கும் ஒரே அமைப்புதான்:

* 1 மதிப்பெண்: 8 கேள்விகள்
* 2 மதிப்பெண்: 6 கேள்விகளில் 4
* 3 மதிப்பெண்: 5 கேள்விகளில் 3 (ஒன்று கட்டாயம்)
* 5 மதிப்பெண்: 2 கேள்விகள் ('அல்லது' வகை)

மாநில ஒதுக்கீட்டில் கால்நடை மருத்துவம், வேளாண்மை, துணை மருத்துவப் படிப்புகளுக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை. ஒரே ஒரு மதிப்பெண் குறைந்தாலும் தரவரிசையில் பல இடங்கள் பின்னால் போக நேரிடும். நீட் எழுதுபவர்களுக்கும் 720-ல் 360 மதிப்பெண் உயிரியலில் இருந்துதான் வருகிறது.

திரும்பத் திரும்ப வாசித்தால் போதுமா?

போதாது. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக் ஆகியோர் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்கள் 5 நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள். ஆனால், ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையில், வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். வாசிக்கும்போது 'தெரியும்' என்று தோன்றுவது வேறு, வெற்றுத்தாளில் எழுத வருவது வேறு. கீழே உள்ள ஆறையும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுதிப் பார்க்கலாம்.

1. இரட்டைக் கருவுறுதல்: n, 2n, 3n

பூக்கும் தாவரங்களில் ஒரு ஆண் கேமீட் அண்டத்துடன் இணைந்தால் 2n கரு. இன்னொரு ஆண் கேமீட் இரண்டு துருவ உட்கருக்களுடன் இணைந்தால் 3n கருவூண் திசு. நெல்லின் இலைச் செல்லில் 24 குரோமோசோம்கள். அப்படியென்றால் அண்டத்தில் 12, கருவில் 24, கருவூணில் 36. இந்தக் கணக்கு புரிந்தால் எந்தத் தாவரத்தைக் கொடுத்தாலும் விடை வரும். இளநீரும் தேங்காய்ப் பருப்பும் கருவூண்தான். இளநீரில் உட்கருக்கள் தனித்தனியே மிதக்கும்; பருப்பில் செல்சுவர் உருவாகியிருக்கும்.

2. முழுமையற்ற ஓங்குத்தன்மை, இணை ஓங்குத்தன்மை

இரண்டும் ஒன்றல்ல. அந்திமந்தாரையில் சிவப்பையும் வெள்ளையையும் கலந்தால் முதல் தலைமுறை இளஞ்சிவப்பு. அதாவது இரண்டுக்கும் நடுவே ஒரு புதுத் தோற்றம். இதுதான் முழுமையற்ற ஓங்குத்தன்மை. இரண்டாம் தலைமுறையில் விகிதம் 1:2:1. ஏபி ரத்த வகையில் நடுத்தரமான எதுவும் வருவதில்லை. ஏ, பி இரண்டும் முழுதாக வெளிப்படும். இது இணை ஓங்குத்தன்மை. அப்பா ஏபி, அம்மா ஓ என்றால் குழந்தைக்கு ஏ அல்லது பி மட்டுமே வரும். ஏபியும் வராது, ஓவும் வராது.

3. ஹீமோஃபிலியா: யாரிடமிருந்து யாருக்கு?

மகனுக்கு அப்பா தருவது ஒய் குரோமோசோம். எக்ஸ் வருவது அம்மாவிடமிருந்து. இந்த ஒரு வரி நினைவில் இருந்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். அப்பாவுக்கு ஹீமோஃபிலியா, அம்மாவிடம் அந்த மரபணு இல்லை என்றால் மகன்களுக்கு வராது. மகள்கள் எல்லோரும் கடத்திகள். அம்மா கடத்தி, அப்பாவுக்கு நோய் இல்லை என்றால் ஒவ்வொரு மகனுக்கும் 50 சதவீத வாய்ப்பு. இங்கே வாய்ப்பு என்றுதான் எழுத வேண்டும். 'நாலு பிள்ளையில் ஒருத்தருக்கு கட்டாயம் வரும்' என்று எழுதினால் தவறு.

4. டி.என்.ஏ-விலிருந்து புரதம் வரை

டி.என்.ஏ வார்ப்பு இழையில் டி-ஏ-சி என்று இருந்தால், தூது ஆர்.என்.ஏ-வில் ஏ-யு-ஜி வரும். ஆர்.என்.ஏ-வில் தைமினுக்கு இடமில்லை, அங்கே யுராசில். ஏ-யு-ஜி தொடக்கக் குறியன். அது மெத்தியோனினைக் குறிக்கும். மொத்தக் குறியன்கள் 64. அதில் 3 நிறுத்தக் குறியன்கள், அமினோ அமிலங்களுக்கு 61. சார்காஃப் விதிக் கணக்கும் இதோடு சேர்ந்ததுதான். ஈரிழை டி.என்.ஏ-வில் அடினைன் 20 சதவீதம் என்றால் தைமினும் 20. மீதி 60-ஐ குவானினும் சைட்டோசினும் ஆளுக்கு 30 எனப் பங்கிடும். ஓரிழை ஆர்.என்.ஏ-வுக்கு இந்தக் கணக்கு செல்லாது.

5. மாதவிடாய் சுழற்சி: ஹார்மோன் வரிசை

நாட்களை மட்டும் மனப்பாடம் செய்தால் வரிசை மாறிவிடும். எது எதைத் தூண்டுகிறது என்று பார்க்க வேண்டும். எஃப்.எஸ்.ஹெச். ஃபாலிக்கிளை வளர்க்கும். வளரும் ஃபாலிக்கிள் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். ஈஸ்ட்ரோஜன் உச்சத்தைத் தொட்டதும் எல்.ஹெச். திடீரென உயரும். 28 நாள் சுழற்சியில் சுமார் 14-ம் நாளில் அண்டம் வெளியேறும். மிச்சமிருக்கும் ஃபாலிக்கிள் கார்பஸ் லூட்டியமாக மாறி புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும். கரு உருவாகவில்லை என்றால் கார்பஸ் லூட்டியம் சிதையும், புரோஜெஸ்டிரோன் குறையும், மாதவிடாய் வரும். கரு பதிந்தால் ஹெச்.சி.ஜி. ஹார்மோன் கார்பஸ் லூட்டியத்தைக் காப்பாற்றும். கர்ப்பத்தை உறுதிசெய்யும் கிட் கண்டுபிடிப்பது இந்த ஹெச்.சி.ஜி-யைத்தான்.

6. சூழியல் பிரமிடுகள்: எது தலைகீழாகும்?

லிண்ட்மேன் 1942-ல் சொன்ன 10 சதவீத விதிப்படி, தாவரத்தில் 10,000 ஜூல் ஆற்றல் இருந்தால் புழுவுக்கு 1,000, குருவிக்கு 100, வல்லூறுக்கு 10 மட்டுமே போய்ச் சேரும். மீதி பெரும்பாலும் வெப்பமாக வெளியேறும். போன ஆற்றல் திரும்பி வராது என்பதால் ஆற்றல் பிரமிடு எப்போதும் நேராகவே இருக்கும். ஒரே ஆலமரத்தை நம்பி நூறு பறவைகள் வாழும்போது எண்ணிக்கைப் பிரமிடு மாறும். நீர்நிலைகளில் தாவர மிதவை உயிரிகள் குறைந்த ஆயுள் கொண்டவை என்பதால் உயிர்த்திரள் பிரமிடு தலைகீழாகலாம்.

தேர்வுக்கு முந்தைய நாளும் தேர்வு அறையிலும்

* புதுப் பாடம் எதையும் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே தவறிய கேள்விகளை மட்டும் மறுபடி எழுதிப் பார்க்கலாம்.
* சூலகம், கருப்பை, டி.என்.ஏ இரட்டிப்பாதல் போன்ற படங்களைப் பார்க்காமல் வரைந்து, பிறகு புத்தகத்துடன் ஒப்பிடலாம். பாகங்களைக் குறிக்காத படம் முழு மதிப்பெண் தராது.
* வினாத்தாள் வாசிக்கத் தரப்படும் 10 நிமிடத்தில் கட்டாயக் கேள்வியை முதலில் பார்க்க வேண்டும். அதைத் தவிர்க்க முடியாது என்பதால் மற்ற தேர்வுகளை அதற்கேற்ப முடிவு செய்யலாம்.
* தாவரவியலிலேயே நேரம் கரைந்துவிடக் கூடாது. இரண்டுக்கும் சம மதிப்பெண் என்பதால், முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒரு பகுதியை முடித்துவிட வேண்டும்.
* மரபியல் கேள்விக்கு விகிதத்தை மட்டும் எழுதி நிறுத்தாமல் கலப்புக் கட்டத்தையும் போட வேண்டும். கடைசி விடையில் சிறு பிழை இருந்தாலும் படிநிலைகளுக்கு மதிப்பெண் கிடைக்க வாய்ப்புண்டு.